அடையாற்றுப் போர் எந்த நாளில் நடந்தது? ஆதாரக் குழப்பம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருவர், 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதையும் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் அதை எதிர்கொண்ட விதத்தையும் தம் ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்கு எடுத்துக்கொண்டார். ஆய்வேட்டை ஒப்படைக்க ஐந்து மாதங்கள் இருந்த நிலையில் இயலின் முழு வரைவையும் நெறியாளரிடம் கொடுத்தார். வரைவு தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அடிக்குறிப்புகள் நிறைய இருந்தன. துணைநூற்பட்டியலும் வழக்கம்போல முதன்மை ஆதாரங்கள் (ஆயும் பொருளுக்கு நேரடிச் சான்றானவை), துணைமை ஆதாரங்கள் (அவற்றை வைத்துப் பிறர் எழுதியவை) என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது.

முதன்மை என்ற தலைப்பின் கீழ் நான்கு இருந்தன. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு, இராபர்ட் ஓர்ம் எழுதி 1763இல் முதல் பகுதி வெளிவந்த போர் வரலாறு, சென்னையைப் பிடித்த தளபதி லபூர்தொனே 1750இல் அச்சிட்ட தன்னிலை விளக்கம், சென்னை அரசின் ஆவணத்துறை அச்சிட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் பதிவுகள். துணைமையின் கீழ் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டு வரலாற்று நூல்கள் பதினொன்று. பிரித்த அளவுகோல் ஒன்றுதான்: பழையது முதன்மை, பிந்தையது துணைமை. பின்னால் வந்த சிக்கல் எல்லாவற்றுக்கும் வேர் இதுவே. ஆனால் அந்தக் கட்டத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை. பல துறைகளில் பட்டியல் இப்படித்தான் பிரிக்கப்படுகிறது என்பதால் உறுத்தவும் இல்லை.

வரைவு சொன்ன கதை

இயலின் மைய வாதம் இது. லபூர்தொனேயின் கப்பற்படை அக்டோபர் 23 அன்று சென்னையை விட்டுப் புறப்பட்டது. மறுநாளே, அக்டோபர் 24 அன்று, நவாபின் மகன் மாபூஸ் கானின் படை அடையாற்றங்கரையில் பிரெஞ்சுப் படையோடு மோதியது. ஒரே நாள் இடைவெளி. எனவே நவாபின் ஒற்றர்கள் துறைமுகத்தை விழிப்போடு கவனித்திருக்க வேண்டும். கடலில் பாதுகாப்பு விலகிய கணத்திலேயே தாக்குவது என்பது முன்பே தீட்டிய திட்டமாக இருந்திருக்க வேண்டும். இதிலிருந்து நவாபின் உளவு அமைப்பைப் பற்றி ஆறு பக்கங்கள் எழுதப்பட்டிருந்தன.

அதோடு இரண்டு துணை முடிவுகளும் இருந்தன. ஒன்று, மாபூஸ் கான் முதலில் அடையாற்றில் தோற்று, அதன்பிறகே சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார், கோட்டையிலிருந்த பிரெஞ்சுப் படை நவம்பர் 2இல் வெளியே வந்து அவரை விரட்டியது. மற்றொன்று, அந்த அக்டோபரில் சென்னைக் கடற்கரையை இரண்டு புயல்கள் தாக்கின, 2ஆம் தேதி ஒன்று, 13ஆம் தேதி ஒன்று.

இயலின் இணைப்பாக ஒரு காலவரிசை அட்டவணை இருந்தது. ஒவ்வொரு வரியிலும் தேதி, நிகழ்ச்சி, நூல், பக்கம். தேதி எந்த நாட்காட்டியைச் சேர்ந்தது என்பதற்கு இடமே இல்லை.

முதலில் கவனிக்கப்பட்டது

நெறியாளரை நிறுத்தியது மைய வாதம் அல்ல, இரண்டு புயல்கள்தான். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கரையில் பத்துப் பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு புயல்கள் வருவது நடக்காத காரியமல்ல. ஆனால் முதல் புயலில் கப்பல்கள் பலத்த சேதமடைந்ததாக ஒரு நூலும், இரண்டாம் புயலில் அதே சேதம் நேர்ந்ததாக இன்னொரு நூலும் சொல்லின. ஒரே படை, ஒரே விதமான சேதம், இரண்டு நாள்கள்.

அட்டவணையில் இரட்டையாக வரும் பிற நிகழ்ச்சிகளைத் தேடியபோது இன்னும் இரண்டு அகப்பட்டன. கோட்டை சரணடைந்தது செப்டம்பர் 10 என்றும் 21 என்றும் இருந்தது. அடையாற்றுப் போர் அக்டோபர் 24இல் ஒன்றும் நவம்பர் 4இல் ஒன்றுமாக இரண்டு இடங்களில் இருந்தது. நவம்பர் போருக்கு ‘சாந்தோம் போர்’ என்று தனிப்பெயர். மூன்று இரட்டைகள், மூன்றிலும் இடைவெளி சரியாக 11 நாள்.

பதினொன்று என்ற எண்ணைப் பார்த்ததும் பதினெட்டாம் நூற்றாண்டில் வேலை செய்பவர்களுக்குக் காரணம் தெரிந்துவிடும். பிரான்சு 1582 டிசம்பரிலேயே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. பிரிட்டன் 1752 செப்டம்பர் வரை ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. 1700 முதல் 1752 வரை இரண்டுக்கும் இடைவெளி 11 நாள், அதற்கு முந்தைய நூற்றாண்டில் 10 நாள். ஆக 1746இல் சென்னையில் ஆங்கிலேயர் எழுதிய செப்டம்பர் 10, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் எழுதிய செப்டம்பர் 21. ஒரே பகல்.

மாணவிக்கு இந்த நாட்காட்டி மாற்றம் தெரியாத செய்தி அல்ல. முதுகலையிலேயே படித்திருக்கிறார். ஆயினும் வரைவில் அது வேலை செய்யவில்லை. அதற்குக் காரணம், முரண்பட்ட தேதிகள் எதிரே வந்தபோது இரண்டையும் ஒத்துப்போகச் செய்யும் ஒரு விளக்கத்தை அவரே எழுதிச் சேர்த்துவிட்டார்: செப்டம்பர் 10இல் பேச்சு தொடங்கியது, 21இல் முறையான சரணாகதி நடந்தது என்று. அந்த வாக்கியத்துக்கு அடிக்குறிப்பு இல்லை. எந்த ஆதாரமும் சொல்லாத, ஆனால் படிக்கும்போது இயல்பாகத் தோன்றும் வாக்கியம். சான்றுகள் மோதும் இடத்தில் ஆய்வாளர் இட்டு நிரப்பும் இத்தகைய வாக்கியங்களே மிக ஆபத்தானவை. மோதல் மறைந்துவிடுவதால் அதன் காரணத்தைத் தேட யாருக்கும் தோன்றாது.

மைய வாதத்துக்கு என்ன ஆனது

அட்டவணையை ஒரே நாட்காட்டிக்கு மாற்றியதும் கதை தலைகீழானது. கப்பற்படை புறப்பட்ட அக்டோபர் 23 பிரெஞ்சுத் தேதி. ஆங்கிலக் கணக்கில் அது அக்டோபர் 12. அடையாற்றுப் போரின் அக்டோபர் 24 ஆங்கிலத் தேதி. பிரெஞ்சுக் கணக்கில் நவம்பர் 4. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்தால் இடைவெளி ஒரு நாளல்ல, 12 நாள்.

வரிசையும் மாறியது. கோட்டைப் படை வெளியே வந்து முற்றுகையிட்டவர்களைச் சிதறடித்த நவம்பர் 2 பிரெஞ்சுத் தேதி. அடையாற்றுப் போர் அதற்கு இரண்டு நாள் பிந்தியது. மாபூஸ் கான் முதலில் கோட்டையின் முன் பின்வாங்கி, சாந்தோம் பக்கம் நகர்ந்து, புதுச்சேரியிலிருந்து பாரடிஸ் தலைமையில் வந்துகொண்டிருந்த துணைப்படையை ஆற்றங்கரையில் மறித்தார். வரைவு சொன்னதற்கு நேர் எதிர் வரிசை. அதோடு, அடையாற்றில் நடந்தது நவாப் படை கோட்டையின் மீது தொடுத்த திடீர்த் தாக்குதலே அல்ல. வந்துகொண்டிருந்த படையை வழிமறிக்கும் முயற்சி. ஆறு பக்க உளவு வாதத்துக்கு அடித்தளம் இல்லாமல் போயிற்று.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

மூன்று வழிகள் எதிரே இருந்தன. ஆங்கில நூல்களிலிருந்து எடுத்த எல்லாத் தேதிகளோடும் 11ஐக் கூட்டிவிடுவது முதல் வழி. ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆங்கிலத் தேதிகளை நீக்கிவிட்டுப் பிரெஞ்சு மரபை மட்டும் வைப்பது இரண்டாவது. மூன்றாவது, அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் அது முதலில் எழுதப்பட்ட இடம்வரை பின்னோக்கிக் கொண்டுபோவது.

நெறியாளர் மூன்றாவதைத் தேர்ந்தார். முதல் வழியில் ஒரு கண்ணி இருந்தது: ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல் என்பதாலேயே அதன் தேதி ஜூலியன் கணக்கு என்று கொள்ள முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஆசிரியர்களில் பிரெஞ்சு ஆவணங்களை வைத்து எழுதியவர்கள் கிரிகோரியன் தேதிகளையே தந்தார்கள். சிலர் மாற்றித் தந்தார்கள், மாற்றியதை முன்னுரையில் மட்டும் சொன்னார்கள். வேறு சிலர் கலந்தே எழுதிவிட்டார்கள். இரண்டாம் வழி சான்றுகளில் பாதியைக் காரணமின்றித் தூக்கி எறிவதாகும்.

அந்தப் பின்னோக்கிய தேடலுக்காக அட்டவணையில் புதிய பத்திகள் (நெடுவரிசைகள்) சேர்க்கப்பட்டன. எழுதியவர் யார், நிகழ்ச்சி நடந்தபோது அவர் எங்கே இருந்தார், கண்டாரா, கேட்டாரா, படித்தாரா, எப்போது எழுதினார், யாருக்காக எழுதினார், எந்த நாட்காட்டி, நம் கைக்கு எந்த வடிவில் வந்திருக்கிறது, கையெழுத்துப் படியா, அச்சா, மொழிபெயர்ப்பா. தேதிக்கு மட்டும் மூன்று பத்திகள்: ஆதாரத்தில் உள்ளபடி, ஜூலியன், கிரிகோரியன். ஆதாரத்தில் உள்ளபடியே எழுதும் பத்தியில் கைவைக்கக் கூடாது என்பது விதி. மாற்றம் தவறினால் திரும்பிப் போக அதுவே வழி.

இந்தப் பத்திகளை நிரப்பத் தொடங்கியதும் துணைநூற்பட்டியலின் பிரிவு ஆட்டம் கண்டது.

ஓர்ம்: 1728இல் பிறந்தவர். 1746இல் வங்காளத்தில் கம்பெனியின் இளம் ஊழியர். சென்னை நிர்வாகக் குழுவில் இடம்பெற்றது 1750களில். சென்னை வீழ்ந்ததை அவர் பார்க்கவில்லை. ஆவணங்களையும் பிறர் சொன்னவற்றையும் திரட்டி, பதினேழு ஆண்டு கழித்து அச்சிட்டார். 1746 நிகழ்ச்சிகளுக்கு அவர் நூல் துணைமை ஆதாரம். மிக நல்ல துணைமை ஆதாரம், இன்று கிடைக்காத சிலவற்றை அவர் பார்த்திருக்கக்கூடும் என்பதால் மதிப்பும் உண்டு. ஆனால் கண்சாட்சி அல்ல. கேள்வியை மாற்றி, ‘1760களில் ஆங்கிலேயர் இந்தப் போரை எப்படி நினைவுகூர்ந்தார்கள்’ என்று கேட்டால் அதே நூல் முதன்மை ஆதாரமாகிவிடும்.

லபூர்தொனே: நிகழ்ச்சியின் நடுவில் நின்றவர், ஐயமில்லை. ஆனால் அந்த விளக்கம் எழுதப்பட்டபோது அவர் பாரிசின் பஸ்தீய் சிறையில் இருந்தார். 1748இல் அடைக்கப்பட்டு 1751இல் விடுவிக்கப்பட்டார். சென்னையை 11 இலட்சம் வராகன் மீட்புத் தொகைக்குத் திருப்பிக்கொடுக்க அவர் செய்த ஒப்பந்தமே அவர்மீதான குற்றச்சாட்டுகளின் மையம். அந்த ஆவணம் முதன்மைதான், கூடவே வழக்குரையும்கூட. தேதிகளுக்கு நம்பலாம், நோக்கங்களுக்கு அவரை மட்டும் நம்ப முடியாது. முதன்மை என்ற சொல் உண்மை என்ற பொருளைத் தருவதில்லை என்பதை மாணவிக்கு வேறெந்த ஆதாரமும் இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

அச்சிட்ட கம்பெனிப் பதிவுகள்: சென்னை வீழ்ந்தபின் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டை தலைமையிடமாயிற்று, 1752இல்தான் அது சென்னைக்குத் திரும்பியது. ஆகவே 1746 அக்டோபர், நவம்பர் நிகழ்ச்சிகளைப் பற்றி அங்கே எழுதப்பட்டவையும் செய்தி வழியாக வந்தவை. முதன்மை ஆவணத்துக்குள் இருக்கும் கேள்விப்பட்ட செய்தி என்று இவற்றைக் குறித்தார்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு

இந்த ஆதாரத்துக்கு மட்டும் தனி இடம் கொடுக்க வேண்டும். வரைவு அதை மிக அதிகமாகப் பயன்படுத்தியிருந்தது, மிகக் குறைவாகப் புரிந்துகொண்டிருந்தது.

பிள்ளை 1736 முதல் 1761வரை புதுச்சேரியில் இருந்து எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் நெருங்கிய வட்டத்தில் இருந்தவர். அவர் அடையாற்றங்கரையில் இல்லை. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் சுமார் 150 கிலோமீட்டர். கடிதம் தபால் ஓட்டக்காரர்கள் கையில் வந்து சேர வேண்டும். ஆகவே சென்னைச் செய்தி ஒன்று நாட்குறிப்பில் எந்த நாளின் கீழ் இருக்கிறதோ, அது செய்தி புதுச்சேரிக்கு எட்டிய நாள். வரைவில் சில வரிகளில் அந்த நாளையே நிகழ்ச்சி நடந்த நாளாக எடுத்திருந்தார்கள். நாட்காட்டிக் குழப்பத்துக்கு மேல் இது இன்னொரு அடுக்கு. பதிவின் நாள், பதிவுக்குள் சொல்லப்படும் கடிதத்தின் நாள், கடிதம் சொல்லும் நிகழ்ச்சியின் நாள் என்று மூன்றையும் தனித்தனியே எழுதத் தொடங்கிய பிறகே அந்த வரிகள் மற்ற ஆதாரங்களோடு பொருந்தின.

அதே நாட்குறிப்பு வேறொரு கேள்விக்கு ஈடிணையில்லாத முதன்மை ஆதாரம். வெற்றிச் செய்தி வந்தபோது டூப்ளே என்ன சொன்னார், யாருக்கு என்ன பரிசளித்தார், ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பவற்றுக்கு அவர் அருகிலிருந்த சாட்சி. மாணவி இதை உணர்ந்ததும் இயலின் கேள்வியையே சற்றுத் திருப்பினார். அதை விளைவுப் பகுதியில் காணலாம்.

இன்னொரு குறை, தமிழில் ஆய்வேடு எழுதுவோரிடம் அடிக்கடி காணப்படுவது. நாட்குறிப்பு தமிழில் எழுதப்பட்டது. 1846இல் அது வெளிச்சத்துக்கு வந்து, படியெடுக்கப்பட்டு, 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. தொடக்கத் தொகுதிகளை பிரைஸ், ரங்காச்சாரி ஆகியோரும் பின்னவற்றை டாட்வெல்லும் பதிப்பித்தனர். தமிழ்ப் பதிப்பு அதற்குப் பிறகே அச்சேறியது. வரைவில் மாணவி ஆங்கிலத் தொகுதியிலிருந்து மேற்கோள்களைத் தாமே தமிழாக்கி, மேற்கோள்குறிக்குள் இட்டிருந்தார். படிப்பவர் அவற்றைப் பிள்ளையின் சொந்தச் சொற்கள் என்றே கொள்வார். உண்மையில் அவை படியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து இன்றைய எழுத்துத் தமிழுக்குத் திரும்பியவை. மேற்கோள்குறிக்குள் வருவது தமிழ்ப் பதிப்பின் பாடமாக மட்டுமே இருக்க வேண்டும், இல்லையேல் சாரத்தைத் தம் சொற்களில் எழுதி மொழிபெயர்ப்பைச் சுட்ட வேண்டும் என்று முடிவாயிற்று.

கிழமைச் சோதனை

மாற்றிய தேதிகள் சரிதானா என்று பார்க்க ஒரு எளிய கருவி பயன்பட்டது. ஜூலியனிலிருந்து கிரிகோரியனுக்கு மாறும்போது தேதி தாவும், கிழமை தாவாது. ஜூலியன் 1746 செப்டம்பர் 10 புதன்கிழமை. கிரிகோரியன் செப்டம்பர் 21உம் புதன்கிழமை. ஜூலியன் அக்டோபர் 24 வெள்ளி, கிரிகோரியன் நவம்பர் 4 வெள்ளி. ஆனால் அக்டோபர் 24ஐக் கிரிகோரியன் தேதி என்று எடுத்தால் திங்கள் வரும். ஆதாரத்தில் கிழமை எழுதப்பட்டிருக்கும் இடங்களில் எல்லாம் இந்த ஒப்பீடு நாட்காட்டியைக் காட்டிக்கொடுத்துவிடும். நாட்குறிப்பில் பிள்ளை கிழமையையும் தமிழ் மாதத் தேதியையும் சேர்த்தே எழுதுகிறார் என்பது பெரிய வசதி.

கிழமை இல்லாத இடத்தில் தனித்த ஒரு தேதியை வைத்து முடிவு செய்யக் கூடாது. அதே நூலில் நாட்காட்டி உறுதியாகத் தெரிந்த இன்னொரு நிகழ்ச்சியைக் கண்டுபிடித்து, அந்த நூலின் பழக்கத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும். இங்கே புயல் அந்த அளவுகோலாகப் பயன்பட்டது. அக்டோபர் 2 என்று சொல்லும் நூல் ஜூலியன், 13 என்று சொல்லும் நூல் கிரிகோரியன்.

திருத்தத்தின்போது நேர்ந்த தவறுகள்

திருத்தம் நேராகப் போகவில்லை. மூன்று இடங்களில் புதிய பிழைகள் நுழைந்தன.

முதலாவது இரட்டை மாற்றம். ஏற்கெனவே கிரிகோரியன் கணக்கில் இருந்த நவம்பர் 4உடன் மறுபடி 11ஐக் கூட்டியதால் ஒரு வரியில் போர் நவம்பர் 15க்குப் போய்விட்டது. அன்று செவ்வாய். கிழமைச் சோதனையில் அது உடனே அகப்பட்டது. மாற்றிய ஒவ்வொரு தேதிக்கும் அருகில் மாற்றியவரின் குறியும் மூல நூலின் நாட்காட்டிக்கான சான்றும் இருக்க வேண்டும் என்ற விதி இதன் பிறகு வந்தது.

இரண்டாவது தமிழ் மாதம். நாட்குறிப்பின் தமிழ்த் தேதிகளை மாணவி இன்றைய நாட்காட்டிச் செயலி ஒன்றை வைத்து ஆங்கிலத் தேதியாக்கினார். எல்லாமே நான்கு, ஐந்து நாள் தள்ளிப்போயின. நம் சூரிய மாதக் கணக்கின் ஆண்டு கிரிகோரியன் ஆண்டைவிடச் சற்று நீளம். ஏறத்தாழ 60 முதல் 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் மாதப்பிறப்பு பின்னுக்கு நகர்ந்துவந்திருக்கிறது. இன்று செப்டம்பர் 17, 18இல் பிறக்கும் புரட்டாசி, 1746இல் செப்டம்பர் 13ஐ ஒட்டிப் பிறந்தது. கோட்டை சரணடைந்த செப்டம்பர் 21 அட்சய ஆண்டு புரட்டாசி 9. இன்றைய செயலியில் புரட்டாசி 9 என்று இட்டால் 25 அல்லது 26 வரும். எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட நாட்கணிதத் தொகுதிகள் போன்ற, அந்த நூற்றாண்டுக்கே கணித்த அட்டவணைகளைத்தான் இதற்கு எடுக்க வேண்டும். அவற்றிலும் 1752க்கு முந்தைய ஆங்கிலத் தேதிகள் எந்தக் கணக்கில் தரப்பட்டுள்ளன என்பதை முன்னுரையில் பார்த்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

மூன்றாவது ஆண்டுப் பிறப்பு. 1752க்கு முன் இங்கிலாந்தின் சட்ட ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. எனவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை எழுதப்பட்ட ஆங்கிலப் பதிவில் 1746 என்று இருந்தால் அது நம் கணக்கில் 1747ஆக இருக்கலாம். சில எழுத்தர்கள் 1746/47 என்று இரண்டையும் எழுதினார்கள். புனித டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் மிரட்டிக்கொண்டிருந்தபோது ஆங்கிலக் கப்பற்படை உதவிக்கு வந்தது 1747 மார்ச்சில். அட்டவணையில் அது 1746 மார்ச் என்று, அதாவது சென்னை வீழ்வதற்கு ஆறு மாதம் முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. சென்னை வீழ்ந்த பிறகுதானே அந்தக் கோட்டை தலைமையிடமாகி முற்றுகைக்கு ஆளானது என்ற கேள்விதான் இதைக் காட்டிக்கொடுத்தது.

இதே காலத்துப் பிற ஐரோப்பியப் பதிவுகளைத் தொடுவோருக்கு ஒரு குறிப்பு. போர்த்துக்கீசியர் 1582இலேயே மாறிவிட்டார்கள். நாகப்பட்டினத்து டச்சுக் கம்பெனியும் கிரிகோரியன் கணக்கில் எழுதியது. தரங்கம்பாடியின் டேனிய நிர்வாகம் 1700இல் மாறியது. 1746இல் கோரமண்டலக் கரையின் ஐரோப்பியருள் பழைய கணக்கில் இருந்தவர்கள் ஆங்கிலேயர் மட்டுமே.

பதினொரு நூல்கள், எத்தனை சாட்சிகள்

மாபூஸ் கானின் படை பத்தாயிரம் பேர் என்பதற்கு வரைவு ஒன்பது நூல்களைச் சுட்டியிருந்தது. ஒன்பது என்ற எண்ணிக்கையே வலிமை போலத் தோன்றியது. ஒவ்வொன்றின் அடிக்குறிப்பையும் பின்தொடர்ந்தபோது, சிலவற்றில் அடிக்குறிப்பே இல்லை. இருந்தவை பெரும்பாலும் ஒன்றையொன்று சுட்டி, இறுதியில் ஓர்மிடம் போய் நின்றன. ஒன்பது நூல், ஒரே ஊற்று. அந்த ஊற்றும் போர்க்களத்தில் இல்லாதவர். தோற்ற படையின் எண்ணிக்கையை வென்றவர் தரப்பு கூட்டிச் சொல்லும் வழக்கம் வேறு இருக்கிறது.

இதற்காக ஒரு பெரிய தாளில் கிளைப்படம் வரையப்பட்டது. மேலே நிகழ்ச்சி, கீழே அதை நேரில் கண்டவர் எழுதியவை, அடுத்த வரிசையில் அவற்றைப் படித்து எழுதியவை, அதற்கும் கீழே அவற்றை எடுத்தாண்டவை. எந்த நூலிலிருந்து எந்த நூலுக்குச் செய்தி போனது என்று கோடு. அடிக்குறிப்பு இல்லாத நூல்களுக்கு ஒரு சோதனை செய்தார்கள்: ஒரே விவரப் பிழையோ, ஒரே அரிய சொற்றொடரோ இரண்டு நூலில் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்று எடுத்திருக்கக்கூடும் என்று புள்ளிக்கோடு. படம் முடிந்தபோது பதினொரு துணைமை நூல்களும் மூன்று ஊற்றுகளுக்குள் அடங்கிவிட்டன: ஓர்ம், லபூர்தொனே, டூப்ளே தரப்புக் கடிதங்கள். பிள்ளையின் நாட்குறிப்பு நான்காவதாகத் தனித்து நின்றது. தொடக்கக் காலத் துணைமை நூல்கள் பலவற்றின் கைக்கு அது எட்டவே இல்லை, ஏனெனில் அப்போது அது அச்சாகவில்லை.

விளைவு

ஏழு வாரம் பிடித்தது. இயல் 58 பக்கத்திலிருந்து 41 ஆகக் குறைந்தது. உளவு அமைப்பு பற்றிய ஆறு பக்கங்களும் இரண்டாம் புயலும் இரண்டாம் போரும் நீக்கப்பட்டன. படை எண்ணிக்கை ‘ஓர்ம் தரும் கணக்குப்படி’ என்ற அடைமொழியோடு மட்டும் நின்றது. எல்லாத் தேதிகளும் கிரிகோரியனில் தரப்பட்டு, ஆங்கில ஆதாரத்திலிருந்து வந்தவற்றுக்கு ஜூலியன் தேதி சாய்கோட்டுக்குப் பின் சேர்க்கப்பட்டது: நவம்பர் 4/அக்டோபர் 24 என்று. எந்த முறை என்பது இயலின் முதல் அடிக்குறிப்பிலேயே சொல்லப்பட்டது.

இழப்பு மட்டுமல்ல. 12 நாள் இடைவெளி என்பது ஒரு நாளைவிட நல்ல கேள்வியாயிற்று. அந்த நாள்களில் நவாப் தரப்புக்கும் டூப்ளேக்கும் இடையே என்ன நடந்துகொண்டிருந்தது, சென்னையை நவாபிடம் ஒப்படைப்பதாகச் சொன்ன டூப்ளேயின் வாக்கைப் புதுச்சேரியில் யார் நம்பினார்கள், சென்னைச் செய்தி அங்கே எத்தனை நாளில் எட்டியது. இவற்றுக்குப் பிள்ளை நேரடிச் சாட்சி. புதிய வடிவில் இயல் போரைப் பற்றியதாக இல்லாமல், போர்ச் செய்தி புதுச்சேரிக்கு எப்படி வந்து என்ன செய்தது என்பதைப் பற்றியதாயிற்று. புறத்தேர்வாளர் இயலின் வாதத்தை ஏற்றுக்கொண்டார். வாய்மொழித் தேர்வில் அவர் கேட்ட முதல் கேள்வியே தேதிகளைப் பற்றியது, மாணவி அட்டவணையைக் காட்டி விடை சொன்னார்.

தீராமல் விடப்பட்டவையும் உண்டு. இரண்டு கடிதங்களின் நாள்களை எந்தச் சோதனையாலும் உறுதிசெய்ய முடியவில்லை. அவை ‘அக்டோபர் பிற்பகுதி’ என்றே ஆய்வேட்டில் இருக்கின்றன. கூர்மையான தேதி ஒன்றைத் தேர்ந்து எழுதியிருந்தால் பக்கம் நேர்த்தியாகத் தோன்றியிருக்கும். நெறியாளர் அதற்கு இடம் தரவில்லை. அது சரியான முடிவு.

மாற்ற வேண்டியவை

குறிப்பெடுக்கும் முதல் நாளிலேயே நாட்காட்டிப் பத்தி இருந்திருந்தால் மூன்று இரட்டைகளும் அட்டவணையில் நுழையும்போதே தெரிந்திருக்கும். ஏழு வாரத்தில் நான்கு வாரம், ஏற்கெனவே படித்த நூல்களை நாட்காட்டிக்காக மட்டும் மறுபடி எடுத்துப் பார்ப்பதிலேயே போயிற்று.

துணைநூற்பட்டியலில் முதன்மை, துணைமை என்று பிரிக்கச் சொல்லும் விதியைத் துறை மாற்றப் போவதில்லை. ஆனால் அந்தப் பிரிவை ஆய்வு முடிந்தபின், ஆய்வின் கேள்வியை வைத்துச் செய்ய வேண்டும். தொடக்கத்திலேயே நூலின் வயதைப் பார்த்துப் பிரித்தால் ஓர்ம் போன்ற ஒருவர் கண்சாட்சியின் நாற்காலியில் அமர்ந்துவிடுவார். ஒரே ஆதாரம் ஓர் இயலில் முதன்மையாகவும் இன்னோர் இயலில் துணைமையாகவும் வரலாம். அவ்விடங்களில் இயல் முன்னுரையில் இரண்டு வரி எழுதினால் போதும்.

நெறியாளர் தம் மாணவர்களுக்கு இப்போது இன்னொரு வழக்கத்தையும் வைத்திருக்கிறார். வரைவில் முரண்பட்ட இரண்டு செய்திகளை இணைக்கும் வாக்கியம் எங்கே வந்தாலும் அதன் ஓரத்தில் கேள்விக்குறி இட வேண்டும். அந்த இணைப்பைச் சொன்ன ஆதாரத்தின் பக்க எண்ணைத் தர வேண்டும். பக்க எண் இல்லையென்றால் வாக்கியம் நீக்கப்பட்டு, முரண் அப்படியே இயலில் நிற்கும். அடுத்த வரைவில் அதைத் தீர்க்கும் பொறுப்பு மாணவருடையது.